ஆமை இருக்கும் வீட்டில் பூச்சி மருந்து

வீட்டில் ஆமை வளர்க்கிறோம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது நாற்றம் வராதா என்று. அதற்குப் பதில் சுலபம், ஃபில்டரை ஒழுங்காகக் கழுவினால் வராது. அடுத்துக் கேட்பதுதான் முக்கியமான கேள்வி: கரப்பான் வந்தால், எறும்பு வந்தால், எட்டுக்கால் பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள், ஸ்பிரே அடிக்கலாமா? போன வாரம் என் வேலையிடத்தில் ஒரு அக்கா இதையே கேட்டார், அவர் மகளுக்கு யாரோ ஒரு குட்டி ஆமையைக் கொடுத்துவிட்டார்களாம், வீடோ பழைய வீவக வீடு, அதாவது சிங்கப்பூர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடு, மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே. நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஊர்வன வகையில் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி இருப்பது இரண்டே இரண்டுக்குத்தான், சிவப்புக் காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை. நட்சத்திர ஆமை, இகுவானா, பாம்பு, லெப்பர்ட் கெக்கோ எதுவும் கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்லி, பாம்பு வளர்ப்பவர்கள் எழுதியது. காய்ந்த மணல், கண்ணாடிப் பெட்டி, சூடேற்றும் விளக்கு என்று அவர்கள் நிலைமை வேறு. நம்முடையது தண்ணீர்த் தொட்டி, ஈரக் காற்று, வருடம் முழுவதும் வெயில். அவர்களுக்குச் சரிப்படுவது நமக்குச் சரிப்படாது, சில சமயம் ஆபத்தாகவே முடியும். ஒரு உதாரணம்: பாம்புக்கும் பல்லிக்கும் உண்ணி வந்தால் சில மருத்துவர்கள் ஐவர்மெக்டின் கொடுப்பதுண்டு. அதே மருந்து ஆமையின் உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு வாங்கி வைத்தது மிச்சம் இருக்கிறது என்று அதைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, ஸ்பிரேக்கு வருவோம். கடையில் கிடைக்கும் டின்னைத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெட்ராமெத்ரின், இமிப்ரோத்ரின் என்று 'த்ரின்' என முடியும் ஒன்றோ இரண்டோ இருக்கும். இவை எல்லாம் பைரெத்ராய்டு என்ற ஒரே குடும்பம். நரம்புக்குள் சோடியம் போய் வருகிற கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும், பூச்சி மல்லாந்து விழுந்து காலை உதைப்பது அதனால்தான். நம் உடம்பு இதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். மீனால் முடியாது, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்காதே என்று டின்னிலேயே எழுதியிருக்கும். பூனைக்குப் பெர்மெத்ரின் ஆகாது. ஆமையின் உடம்பு சூடு சுற்றியிருக்கும் சூட்டைப் பொறுத்தது, உள்ளே எல்லாமே மெதுவாக நடக்கும், விஷத்தை உடைப்பதும் மெதுவாகத்தான். இன்னொன்று, இந்தக் குடும்பத்து விஷம் குளிர்ச்சியில்தான் நரம்பை அதிகமாகப் பாதிக்கிறது. ஏர்கான் அறையில் தொட்டியை வைத்து, கதவைச் சாத்தி, கொசுவுக்கு மருந்து அடித்துவிட்டுப் படுக்கும் வழக்கம் நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆமைக்கு இதைவிட மோசமான ஏற்பாடு வேறு கிடையாது.

அடித்தது ஆமைக்குள் எப்படிப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். காற்றில் மிதக்கும் துளிகள் மெல்ல இறங்கி எங்கே உட்காரும்? திறந்து கிடக்கும் தண்ணீர் மேல்தான். ஆமை அதிலேயே நீந்தும், அதையே குடிக்கும், அதில் விழுந்த தீனியையே தின்னும். அடுத்து ஏர் பம்ப். குமிழி விடுகிற அந்தச் சின்னப் பெட்டி அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது, அறையில் மருந்து இருந்தால் அதையும் சேர்த்துத்தான். பிறகு மூச்சு. ஆமைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, இருமித் துப்ப வராது, நுரையீரலுக்குள் போனது உள்ளேயே தங்கும்.

நான் பார்த்தவரை, வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நம்புவது வாடையை. "இப்போது வாடை இல்லையே, ஜன்னலைத் திறந்து வைத்தோமே" என்பார்கள். வாடை என்பது பெரும்பாலும் அதில் கலந்த எண்ணெயும் வாசனைப் பொருளும். அது போய்விடும். விஷம் வேறு, அது சுவரோரத்திலும் டைல்ஸ் இடுக்கிலும் படிந்து கிடக்கும். வெயிலும் மழையும் படாத இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும், அப்படி இருப்பதற்காகவே செய்த மருந்துகளும் உண்டு. ஆமையை வெளியே விட்டு ஹாலில் நடக்கவிடுகிறோம், அது வயிற்றுப் பக்கத்து ஓடு தரையில் உரச, மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே சுவரோரமாகத்தான் போகும். மருந்து அடிப்பதும் அந்தச் சுவரோரத்தில்தான்.

அதனால் எங்கள் வீட்டில் கொள்கை இதுதான்: பூச்சிக்குத் தின்ன வழி, குடிக்க வழி, உள்ளே வர வழி, இந்த மூன்றையும் அடைப்பது. மருந்து கடைசி, அதுவும் ஆமை அந்த இடத்தில் இல்லாதபோது மட்டும்.

எட்டுக்கால் பூச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பயப்படுவது அதைப் பார்த்துத்தான், பயப்படத் தேவையே இல்லாததும் அதுதான். நம் வீவக வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் மூன்று வகை. கூரை மூலையில் நூல் மாதிரி நீளக் கால்களோடு தொங்குவது ஒன்று, ஒட்டடை அதன் வேலை. ஜன்னல் கம்பியில் தத்தித் தத்திப் போகும் குட்டிச் சிலந்தி இன்னொன்று, திரும்பி நம்மையே முறைத்துப் பார்க்கும். அதன் உறவுக்காரச் சிலந்தி ஒன்றைத்தான் கம்பத்துக் காலத்தில் பையன்கள் புதரில் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்துச் சண்டைக்கு விடுவார்கள், இங்கே வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் கண் மின்னச் சொல்வார்கள். மூன்றாவது வேட்டைச் சிலந்தி, உள்ளங்கை அளவுக்கு இருக்கும், தட்டையாக இருப்பதால் கதவிடுக்கில்கூட நுழைந்துவிடும், இரவில் விளக்கைப் போட்டதும் சுவரில் ஓடும். பார்த்தால் தூக்கிவாரிப்போடும், உண்மைதான். ஆனால் அது வலை பின்னுவதில்லை, இரவெல்லாம் கரப்பானைத் தேடி அலைகிறது. கடித்தால் வலிக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது, நாம் போய்க் கையால் பிடித்தால் ஒழிய அது கடிக்கவும் வராது.

எங்கள் வீட்டுத் துணி காயப்போடும் இடத்தில், ஆமைத் தொட்டிக்கு மேலே, வாஷிங் மிஷின் குழாய் பின்னால் ஒரு பெண் வேட்டைச் சிலந்தி இருந்தது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டே நடந்தது, அதுதான் முட்டைப் பை. குஞ்சு பொரிந்தால் நூற்றுக்கணக்கில் வரும் என்பதால் அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, கீழே மெல்ல ஒரு அட்டையைச் செருகி, புளோக்குக்குக் கீழே உள்ள செடிகளில் விட்டு வந்தேன். மற்றபடி சிலந்திக்கு நான் செய்வது ஒட்டடைக் கம்பும் ஈரத்துணியும்தான். ஆமைக்குச் சிலந்தியால் ஆபத்து இல்லை, ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு பிராணியை அது என்ன செய்துவிடும்? சிலந்தி தண்ணீரில் விழுந்தால் ஆமை தின்றுவிடும், மருந்து படாத சிலந்தி என்றால் அதிலும் தப்பில்லை.

சிலந்தி அதிகமாக இருக்கிறது என்றால் அதற்குத் தீனி அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம், பார்க்க வேண்டியது அதைத்தான். ஆமைத் தொட்டிக்கு மேலே வெயிலுக்குப் பதிலாக விளக்கு போட்டிருப்போம். அந்தி சாய்ந்த பிறகும் அது எரிந்தால் விட்டில் வரும், மழை பெய்த மாலை என்றால் ஈசல் கூட்டமாக வரும், அவற்றைத் தேடிப் பல்லி வரும், சிலந்தி வரும். ஆமைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் போதும், காலையில் போட்டுச் சூரியன் மறைவதற்குள் அணைத்துவிடும்படி ஒரு டைமர் வாங்கி மாட்டுங்கள். ஈசல் வரும் மாலையில் ஜன்னலைச் சாத்தி ஹால் விளக்கையும் கொஞ்ச நேரம் அணைத்தால் முடிந்தது, அதற்கு மருந்து அடிப்பது வீண், விடிந்தால் இறக்கைகளைப் பெருக்கித் தள்ளினால் போதும்.

எறும்பு கொஞ்சம் தொல்லைதான். ஆமைத் தீனிக் குச்சிகளில் மீன் மாவு இருக்கிறது, டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் மோப்பம் பிடித்து வரிசை கட்டி வரும். பெரிய ஆமைக்கு எறும்பு சின்ன எரிச்சல், தண்ணீருக்குள் குதித்துவிடும். குட்டி ஆமைக்கும் உடம்பு முடியாமல் தொட்டிக்குள் ஏறிக் காய்கிற மேட்டில் கிடக்கும் ஆமைக்கும் அப்படி இல்லை, கண்ணிலும் வாயோரத்திலும் மொய்க்கும், அது நகர முடியாமல் கிடந்தால் கடித்தே புண்ணாக்கிவிடும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தது. அத்தை ஊரிலிருந்து வரும்போது எறும்பு சாக்பீஸ் கொண்டுவருவார், நிறையப் பேர் வீட்டில் இருப்பதுதான். தொட்டியைச் சுற்றிக் கோடு போடப் போனார்.

"அத்தை, அதைப் போடாதீங்க, ஆமைக்கு ஆகாது" என்றேன்.

"ஏம்மா, வெறும் சாக்பீஸ்தானே, வாடைகூட இல்ல. நம்ம வீட்ல எத்தன வருஷமா போடுறோம்."

"வாடை இல்லாததுதான் அத்தை பிரச்சினையே. அந்த ஸ்பிரேல இருக்கிற மருந்துதான் இதுலயும் இருக்கு."

உறையைத் திருப்பிக் காட்டினேன், டெல்டாமெத்ரின் என்று போட்டிருந்தது. சைபர்மெத்ரின் கலந்ததும் உண்டு. பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் போலவே இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடும் ஆபத்து வேறு. ஆமை ஈரத்தோடு அந்தக் கோட்டில் ஏறினால் தூள் அப்படியே காலில் ஒட்டும், அந்தக் காலோடு தண்ணீருக்குள் போகும். அத்தை அதற்குப் பிறகு அதைக் கையில் எடுக்கவில்லை, இப்போது வருகிற சொந்தக்காரர்களிடம் அவரே சொல்கிறார்.

எறும்புக்கு ஸ்பிரே அடிக்காமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மஞ்சளாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாமல் பொடிப்பொடியாக இருக்குமே பாரோ எறும்பு, அதன் கூட்டில் ஒன்றுக்கு மேல் ராணிகள் இருக்கும். ஸ்பிரே பட்டுக் கலவரப்பட்டால் கூடு உடைந்து, ஆளுக்கொரு ராணியைக் கூட்டிக்கொண்டு வெவ்வேறு இடுக்குகளுக்குப் போய்விடும். ஒரு கூடு இருந்த வீட்டில் நாலைந்து ஆகிவிடும். அடிக்க அடிக்க ஏன் பெருகுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்குச் சரியான வழி மெதுவாக வேலை செய்யும் இரை மருந்து, அவையே தின்று, கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ராணிக்கும் ஊட்டும். மூடிய டப்பா வகையாக வாங்கி, ஆமை எட்ட முடியாத இடத்தில், அலமாரிக்குள்ளேயோ ஜன்னல் விளிம்பிலேயோ வையுங்கள். வைத்த பிறகு இரண்டு மூன்று நாள் எறும்பு கூட்டமாக வரும், அதைப் பார்த்துப் பதறி ஸ்பிரேயை எடுத்துவிடாதீர்கள், அந்தக் கூட்டம்தான் மருந்தைச் சுமந்துகொண்டு போகிறது. வரிசையைத் துடைப்பதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும், எறும்பு விட்டுச்சென்ற தடம் அதில் அழிந்துவிடும். தொட்டி வைத்திருக்கும் மேஜையின் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய நல்ல வழி, பாட்டி காலத்து அலமாரிகளுக்கெல்லாம் அப்படித்தான். ஆனால் சிங்கப்பூரில் அந்தக் கிண்ணத்திலேயே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், அதனால் சோப்புத் தண்ணீராக ஊற்றி, அடிக்கடி கொட்டித் தேய்த்து மாற்றுங்கள்.

கரப்பான். இதற்குத்தான் எல்லாரும் ஸ்பிரேயைத் தேடுகிறார்கள். பெரிய சிவப்புக் கரப்பான் பெரும்பாலும் குப்பைக் குழாயிலிருந்தும் சாக்கடைத் துவாரத்திலிருந்தும் வருவது, வெளியாள். சின்ன, பழுப்பு நிறத்தில், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு இருப்பது ஜெர்மன் கரப்பான், அது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. இரண்டுக்கும் வழி வேறு. வெளியிலிருந்து வருவதற்குக் குப்பைக் குழாய்க் கதவின் ரப்பரைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். பயன்படுத்தாத குளியலறையில் தரைத் துவாரத்துக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோனால் அதுவே கரப்பானுக்கு வாசல், மூடி போட்டு வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். நகர மன்றம் குப்பைக் குழாய்க்கு மருந்து அடிக்கும் நாட்களில் உள்ளே இருப்பதெல்லாம் மாடி மாடியாக வெளியேறி வீடுகளுக்குள் ஓடிவரும், நோட்டீஸ் பார்த்த அன்று கதவிடுக்கில் டேப் ஒட்டிவிடுவது நல்லது. அன்றைக்குத் தடுமாறிக்கொண்டு வரும் கரப்பான் மருந்து பட்ட கரப்பான். தொட்டிக்கு அது போகக் கூடாது. நெருக்கமான கம்பி வலை ஒன்றை அளவெடுத்து வெட்டி இரவில் தொட்டிக்கு மேலே போடுங்கள், கொசுவுக்கும் அதுவே தடுப்பு.

ஜெர்மன் கரப்பானுக்குப் பிடித்தது சூடும் இருட்டும். ஃபிரிட்ஜ் மோட்டார், ரைஸ் குக்கருக்கு அடியில், அப்புறம் நம் ஆமைத் தொட்டியின் பம்ப், ஃபில்டர் பெட்டி, பிளக் போர்டு. பம்புக்கு அடியில் அட்டைப் பெட்டி வைக்காதீர்கள். பேரங்காடியிலிருந்து வரும் அட்டைப் பெட்டிகளை அன்றே மடித்துக் கீழே போட்டுவிடுங்கள். இதற்கு ஜெல் மருந்து நன்றாக வேலை செய்யும், ஸ்பிரேயைவிடப் பல மடங்கு மேல், ஏனென்றால் ஸ்பிரே முட்டைக் கூட்டுக்குள் போகாது. அலமாரிக் கீல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்று மிளகளவுக்கு வைத்தால் போதும், தரையில் வேண்டாம். ஜெல் வைத்த காலத்தில் ஆமையைச் சமையலறையில் நடக்கவிடாதீர்கள், செத்த கரப்பானைக் காலையில் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் சிலர் பிடித்த கரப்பானையே ஆமைக்குப் போடுவார்கள், ஆமையும் ஆசையாகத் தின்னும். அது பக்கத்து வீட்டில் எதைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? பூச்சி கொடுக்க வேண்டும் என்றால் கடையில் வளர்த்து விற்கும் வெட்டுக்கிளி, புழுவை வாங்கிக் கொடுங்கள்.

கரப்பான் விஷயத்தில் இன்னொரு பயமும் உண்டு. ஆமையின் உடம்பில் நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மனெல்லா கிருமி இருப்பது சகஜம், அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்க 1975லேயே தடை போட்டது இதற்காகத்தான். தொட்டியின் அழுக்குத் தண்ணீரில் நடந்த கரப்பான் அடுத்து நம் தட்டில் நடக்கும். தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவாதீர்கள், தின்னாமல் விட்ட தீனியைக் கால் மணி நேரத்தில் வலையால் எடுத்துவிடுங்கள். பூச்சிக் கட்டுப்பாட்டில் பாதி வேலை இதிலேயே முடிகிறது.

கொசுவைப் பற்றிச் சிங்கப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் டெங்கி 35,000 பேருக்கு மேல் வந்தது. ஆமைத் தொட்டியே கொசுத் தொட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபில்டர் ஓடுகிற, ஆமை கலக்கிக்கொண்டே இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு வளர்வது கஷ்டம், வந்தாலும் ஆமை விடாது. கவனிக்க வேண்டியது தொட்டியைச் சுற்றி இருப்பதை: நிமிர்த்தி வைத்த பழைய தொட்டி, பக்கெட், ஃபில்டருக்கு அடியில் சொட்டும் தட்டு, தண்ணீர் மாற்றும் குழாயின் மடிப்பு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே விளிம்பில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது, அதனால் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கொசுப்புழுவைக் கொல்ல பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, தேசியச் சுற்றுப்புற வாரியம் கூரைத் தண்ணீர்க் குழாய்களில் போடச் சொல்வது இதைத்தான், கொசுப்புழுவின் குடலில்தான் அது விஷமாக மாறும், ஆமையை ஒன்றும் செய்யாது. தேங்கி நிற்கும் வேறு இடங்களுக்கு அது நல்லது.

கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் திரவம் இரண்டிலும் இருப்பது அதே 'த்ரின்' குடும்பம், தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். மின்விசிறியைப் போடுங்கள், கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

இப்போது "இயற்கை" மருந்து. ஆமை இருக்கிறது, அதனால் இயற்கையாக ஏதாவது செய்கிறேன் என்று நல்ல எண்ணத்தோடு செய்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். டீ ட்ரீ எண்ணெய், சிட்ரோனெல்லா, யூக்கலிப்டஸ் எல்லாம் செறிவான எண்ணெய்கள், தண்ணீரில் விழுந்தால் மேலே படலமாகப் படரும், ஆமை மூச்சு விட மூக்கை நீட்டுவது அந்தப் படலத்தின் வழியாகத்தான். வேப்பெண்ணெய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைத் தாராளமாகப் போடுங்கள், அந்த அறைக் கதவை மட்டும் சாத்திவிட்டு. பாச்சை உருண்டை நாப்தலின், மூடிய பீரோவுக்குள்கூட எனக்கு இஷ்டமில்லை, தொட்டி இருக்கும் அறையில் கூடவே கூடாது. டயட்டம் மண் என்று ஒரு வெள்ளைத் தூளை வெளிநாட்டுக்காரர்கள் சிபாரிசு செய்வார்கள், பூச்சியின் மேல் மெழுகை உரித்துக் காயவைத்துக் கொல்லும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது நமுத்துப்போய்ப் பாதி வேலைகூடச் செய்யாது, தூள் ஆமையின் மூச்சுக்குள் போவதுதான் மிச்சம்.

ஒட்டுப் பொறியைத் தரையில் திறந்து வைக்காதீர்கள். ஆமையின் காலே ஒட்டிக்கொள்ளும், பல்லியும் மாட்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு முறை கதவைத் தட்டி, "கேர்ள், யூ ஹெல்ப் மீ லா" என்று ஒரு பொறியை நீட்டினார், நடுவில் ஒரு குட்டிப் பல்லி, வயிறு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சமையல் எண்ணெய்யைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முதலில் தாடைக்கு அடியில், பிறகு ஒவ்வொரு விரலாகத் தடவ வேண்டும், இழுக்கக் கூடாது, தோல் அத்தனை மெல்லியது. பசை எண்ணெய்யில் இளகி, விரல் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டது, வால் கடைசியில். அது கொசுவையும் ஈசலையும் நமக்காகத் தின்கிற பிராணி, அதைப் போய்ப் பசையில் மாட்டிவைத்துக் கொல்வது எந்த வகையில் நியாயம்? பொறி வைத்தே ஆக வேண்டும் என்றால் பல்லி நுழைய முடியாத மெல்லிய பெட்டிக்குள் வைத்து, தினமும் பாருங்கள்.

புகை அடிக்கும் நாளுக்கும் ஆள் வைத்து மருந்து அடிக்கும் நாளுக்கும் ஒரே ஏற்பாடுதான். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், அதைப் படிக்காமல் போகாதீர்கள். தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் நாளே உள்ளே எடுத்துவிட வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். வீட்டுக்குள்ளேயே மருந்து அடிக்க வேண்டிய நிலைமை வந்தால், உரிமம் உள்ள நிறுவனத்தைக் கூப்பிட்டு, ஆமை இருக்கிறது என்று ஃபோனிலேயே சொல்லி, என்ன மருந்து என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். வந்த தம்பிகள் பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், ஜெல் மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்றால் சரி என்பார்கள். ஸ்பிரேதான் வேண்டும் என்றால் ஆமையை வேறொருவர் வீட்டுக்கே கொண்டுபோங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஈரத்துண்டு, காற்றோட்டமுள்ள மூடி, ஒரு நாளைக்கு அது தாங்கும். பம்பை அணைத்து, தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி விளிம்பில் டேப் ஒட்டுங்கள், தீனி டப்பாவையும் வலையையும் வெளியே எடுங்கள். அடித்த பிறகு ஜன்னலைத் திறந்து காயவிட்டு, ஆமை நடக்கும் தரையைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, தொட்டித் தண்ணீரை மாற்றி, மேட்டைக் கழுவி, மறுநாள்தான் நான் ஆமையை உள்ளே விடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியவை: கால் நடுக்கம், கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, வாயில் நுரை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்வது. உடனே தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள், நீந்த முடியாத ஆமை மூழ்கியே செத்துவிடும். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரை மெல்ல ஊற்றி ஓடு, தோல் இரண்டையும் கழுவி, காய்ந்த துண்டு விரித்த பெட்டியில் வைத்து, ஏர்கான் இல்லாத இடத்தில் வையுங்கள். பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மருந்து டின்னையோ உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் ஆர்கனோபாஸ்பேட் என்ற இன்னொரு பூச்சி மருந்துக் குடும்பம் என்றால் மாற்று மருந்து வேறு, 'த்ரின்' வகை என்றால் சிகிச்சை வேறு, பெயர் தெரியாமல் மருத்துவர் ஊகத்தில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு நடுங்கும் ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு தேட வேண்டாம், எந்தக் கிளினிக்கில் ஆமை பார்ப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள் என்று இந்த வாரமே கேட்டு, அந்த எண்ணை எழுதித் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.